மௌனமே மறுப்பு: 'எரா' என்ற நாடகப் பத்திரிகையின் நூறு ஆண்டுகள்

நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாடகக்காரர்களுக்கு அது நேர் எதிர். கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்கள் கடைசி வரியில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பது வழக்கம்: பதில் வராவிட்டால் அதையே மரியாதையான மறுப்பாக எடுத்துக்கொள்ளவும்.

முதல் முறை படித்தபோது எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிறு நகரத்துக் கொட்டகை மேனேஜர் ஒரே ஒரு நகைச்சுவை நடிகருக்காக விளம்பரம் கொடுக்கிறார். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்ப ஒரு பென்னி தபால்தலை, கூடவே ஒரு நாள் உழைப்பு. எழுதாமல் விட்டால் எதிர்ப்பக்கம் ஒரு மனிதர் வேறு வேலைக்குப் போகாமல் காத்துக்கிடப்பார். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத் தொழில் கண்டுபிடித்த சமாதானம்தான் அந்த வரி. முகம் பார்க்காத இருவர் ஒருவரையொருவர் நம்பித் தொழில் செய்வதற்கு இப்படிப்பட்ட பொது விதிகள் தேவைப்பட்டன. அந்த விதிகள் உருவான இடம் ஒரு வாரப் பத்திரிகையின் விளம்பரப் பக்கம். அதன் பெயர் 'எரா'. 1838-ல் லண்டனில் தொடங்கி 1939-ல் நின்றுபோனது.

நாடக வரலாறு எழுதுகிறவர்கள் எராவை அதன் விமர்சனங்களுக்காகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த விமர்சனங்களின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகை உயிரோடு இருந்தது விமர்சனத்தால் அல்ல, வரி விளம்பரத்தால். அது வளர்ந்த கதையையும் தேய்ந்த கதையையும் அந்தப் பொடி எழுத்துப் பத்திகளிலிருந்து படித்தால்தான் காரணம் விளங்கும்.

தொடங்கியபோது எராவுக்கும் நாடகத்துக்கும் பெரிய உறவு இல்லை. மதுவிடுதி நடத்துகிறவர்கள் பங்குபோட்டு, தங்கள் தொழிலுக்கென ஆரம்பித்த பொதுப் பத்திரிகை அது. 1836-ல் அரசாங்கம் பத்திரிகை முத்திரை வரியைப் பிரதிக்கு நான்கு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்திருந்தது. அந்தத் தெம்பில் பல பத்திரிகைகள் கிளம்பின, எராவும் அவற்றில் ஒன்று. முதல் ஆசிரியர் லீச் ரிச்சி ஓர் எழுத்தாளர். தாராளவாதக் கருத்துகள் உள்ளவர். மதுவிடுதிக்காரர்கள் எதிர்பார்த்ததோ தங்கள் வியாபாரச் செய்தி. இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகை மூடப்படும் நிலைக்கு வந்தபோது ஃப்ரெடரிக் லெட்ஜர் அதை எடுத்துக்கொண்டார். ஆசிரியரும் அவரே, முதலாளியும் அவரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். விளையாட்டு, ஃப்ரீமேசன் சங்கங்கள், நாடகம் என்று செய்திகளை மாற்றிக்கொண்டே வந்தார்.

மதுவிடுதிப் பத்திரிகை எப்படி நாடகப் பத்திரிகை ஆயிற்று என்ற கேள்விக்கு விடை மதுவிடுதிக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்து மதுவிடுதிகள் பலவற்றின் பின்கட்டில் பாட்டுக் கச்சேரி நடக்கும் அறை ஒன்று உண்டு. குடிக்க வருகிறவர்களைத் தக்கவைக்கப் பாடகர்கள் தேவைப்பட்டார்கள். 1852-ல் சார்ல்ஸ் மார்ட்டன் லண்டன் லாம்பெத்தில் தன் மதுவிடுதியோடு சேர்த்து 'கான்டர்பரி' என்ற பெரிய கூடத்தைக் கட்டினார். மியூசிக் ஹால் என்று பின்னால் பெயர் பெற்ற பெருந்தொழில் இப்படிப்பட்ட கூடங்களிலிருந்து கிளம்பியதுதான். பாடகரை அமர்த்தும் முதலாளி ஏற்கெனவே எரா வாசிக்கிறவர். ஆள் வேண்டும் என்றால் எங்கே விளம்பரம் கொடுப்பார்? கையில் இருக்கும் பத்திரிகையில்தான். வேலை தேடும் பாடகரும் அங்கேதான் வந்து நிற்பார்.

இதற்கு ஒரு தடை இருந்தது. பத்திரிகையில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசாங்கத்துக்குத் தனி வரி கட்ட வேண்டும். 1833 வரை மூன்றரை ஷில்லிங், அதன்பின் ஒன்றரை ஷில்லிங். விளம்பரம் இரண்டு வரியா, இரண்டு பத்தியா என்ற பேதம் இல்லை, வரி ஒன்றுதான். பெரிய கொட்டகைக்காரருக்கு அது பொருட்டல்ல. வாரச் சம்பளத்தை ஷில்லிங் கணக்கில் எண்ணி வாங்கும் துணை நடிகருக்கு, வேலை இல்லாத வாரத்தில், அது சாப்பாட்டுக் காசு. 1853-ல் அந்த வரி அடியோடு நீக்கப்பட்டது. 1855-ல் பிரதி மீதான முத்திரை வரியும் போனது. இந்த இரண்டு வரிகளின் மறைவை நான் எராவின் இரண்டாவது பிறப்பு என்றே சொல்வேன். அதற்குப் பிறகுதான் சாதாரண நடிகர் ஒருவர் தன் பெயரைத் தானே அச்சில் போட்டுக்கொள்ள முடிந்தது. 1840-ல் வந்த ஒரு பென்னித் தபால் இதற்குத் துணை நின்றது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். ஆக, விளம்பரம் மலிவு, அதற்கான பதிலும் மலிவு.

சட்டமும் இதே காலத்தில் மாறியது. லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை நெடுங்காலம் ட்ரூரி லேன், காவென்ட் கார்டன் என்ற இரண்டு கொட்டகைகளின் கையில் கிட்டத்தட்ட ஏகபோகமாக இருந்தது. 1843-ன் நாடகக் கொட்டகைச் சட்டம் அதை உடைத்தது. கொட்டகைகள் பெருகின, நடிகர் தொகையும் பெருகியது.

எரா தொடங்கிய அதே 1838-ல் பிறந்தவர் ஹென்றி இர்விங். 1895-ல் சர் பட்டம் பெற்று, அந்த மரியாதையைப் பெற்ற முதல் நடிகர் ஆனவர். அவர் வாழ்க்கையைப் பார்த்தால் எராவின் வாசகர் யார் என்பது கண்முன் வரும். 1856-ல் சண்டர்லாந்தில் மேடை ஏறினார். அதன்பின் பத்தாண்டுகள் எடின்பரோ, மான்செஸ்டர் என்று வெளியூர்க் கொட்டகைகளிலேயே கழிந்தன. நூற்றுக்கணக்கான வேடங்கள். அன்றைய முறைப்படி ஒவ்வொரு ஊர்க் கொட்டகைக்கும் ஒரு நிலையான நடிகர் குழு இருக்கும். அதில் ஆட்களை வேடத்தின் பெயரால் எடுப்பார்கள்: கதாநாயகன், இளநாயகன், வில்லன், முதல் கிழவன், முதல் கிழவி, நகைச்சுவைக்காரன், எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒருவன். நம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் ஞாபகத்துக்கு வரலாம். 'பார்ட்' என்ற சொல்லே அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்ததுதானே. வேடத்தின் பெயர் இப்படித் தொழில் முழுவதும் பொதுவாக இருந்ததால் விளம்பரத்தைச் சுருக்கமாக எழுத முடிந்தது. 'முதல் கிழவி வேண்டும்' என்றால் என்ன வயது, என்ன குரல், எந்தெந்த வேடங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ரயில் நாடகத் தொழிலுக்குள் வந்தது. 1860-களின் இறுதியிலிருந்து நாடகத் தொழில் தலைகீழாக மாறியது. லண்டனில் வெற்றி பெற்ற ஒரு நாடகத்தை, காட்சித்திரை, உடுப்பு, நடிகர் எல்லாவற்றோடும் ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது லாபமாகத் தெரிந்தது. உள்ளூர் நிலைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. டாய்லி கார்ட் போன்ற முதலாளிகள் ஒரே நேரத்தில் பல குழுக்களை வெவ்வேறு திசைகளில் அனுப்பினார்கள். ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் இருந்த நடிகர்கள் வாரத்துக்கு ஓர் ஊர் என்று அலையத் தொடங்கினார்கள். சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து சாமான் கட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ரயில், திங்கள் இரவு அடுத்த ஊரில் ஆட்டம். ஞாயிறுகளில் க்ரூ ரயில் சந்திப்பில் நாலா திசையிலிருந்தும் வந்த நாடகக் குழுக்கள் வண்டி மாறக் காத்திருக்கும். பழைய நண்பர்கள் அங்கேதான் பார்த்துக்கொள்வார்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் தொழில் முழுவதும் ஒரே இடத்தில் கூடிய நேரம்.

மற்ற ஆறு நாளும் அவர்கள் கூடிய இடம் எரா. முகவரி இல்லாத ஒரு தொழிலுக்கு அது முகவரி ஆயிற்று. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. விளம்பரங்களில் நடிகர்கள் தங்கள் முகவரியாக 'எரா' என்றே போட்டார்கள், அவர்களுக்கான கடிதங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தன.

ஒரு பக்கத்தை அருகே வைத்துப் பார்ப்போம். ஸ்கேன் செய்த பக்கங்களை உருப்பெருக்கி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது, எழுத்து அவ்வளவு பொடி. மேலிருந்து கீழ்வரை நெருக்கமான பத்திகள், இடையில் மெல்லிய கோடுகள் மட்டும். இடப்பக்கம் கொட்டகை முதலாளிகள்: இந்தத் தேதி முதல் இந்த ஊரில் கொட்டகை காலி, நல்ல கம்பெனிகள் எழுதவும். பக்கத்துப் பத்தியில் கம்பெனிகள்: இந்த வாரம் வசூல் அமோகம், வசந்தகாலத்தில் சில தேதிகள் மிச்சம். அடுத்து ஆள் தேவை. எந்த வேடம், எந்தத் தேதியில் வந்து சேர வேண்டும், குறைந்தபட்சச் சம்பளம் என்ன கேட்கிறீர்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள், புகைப்படம் அனுப்புங்கள், திருப்பித் தருகிறோம். மேடையிலும் வெளியிலும் நன்றாக உடுத்த வேண்டும் என்ற நிபந்தனை பல விளம்பரங்களில் உண்டு. இந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். சரித்திர வேடமில்லாமல் அன்றைய காலத்து உடையில் நடிக்கும் நாடகங்களுக்குப் பெரும்பாலும் நடிகரே தன் உடுப்பைக் கொண்டுவர வேண்டும். நல்ல கோட்டு இல்லாதவருக்கு நல்ல வேடம் இல்லை.

அதற்குக் கீழே வேலை இல்லாதவர்கள். அந்தச் சொல்லை அவர்கள் எழுத மாட்டார்கள். 'ஒப்பந்தத்துக்குத் தயார்', 'ஓய்வில்' என்று போடுவார்கள். அதற்கும் அப்பால் வரிசை வரிசையாக நடிகர்களின் பெயர் அட்டைகள்: பெயர், வேடம், இப்போது எந்தக் கம்பெனியில், முகவரி எரா. வேலை இருக்கிறவர்கள்கூட இதை வாராவாரம் காசு கொடுத்துப் போட்டார்கள். ஒரு வாரம் பெயர் காணாமல் போனால் ஆளே போய்விட்டான் என்று தொழில் நினைத்துக்கொள்ளும் என்ற பயம் காரணம். பத்திரிகையின் நிரந்தர வருமானத்தில் ஒரு பகுதி அந்தப் பயத்திலிருந்து வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூலையில் மற்றவர்கள் இருப்பார்கள். உடுப்பு வாடகைக்குத் தருகிறவர், பொய்முடி செய்கிறவர், காட்சித்திரை எழுதுகிறவர், சுவரொட்டி அச்சடிக்கிறவர், நாடகக்காரர்களுக்கு அறை விடும் வீட்டுக்கார அம்மாக்கள். 1885-ல் தந்திக் கட்டணம் பன்னிரண்டு சொல்லுக்கு ஆறு பென்ஸ் என்று இறங்கியதும் 'எழுதவும்' என்று முடிந்த விளம்பரங்களில் 'தந்தி கொடுக்கவும்' என்பது கூடியது. கோடைக்காலம் வந்தால் பாண்டமைம் என்ற கிறிஸ்துமஸ் காலப் பாட்டு, வேடிக்கை நாடகங்களுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் பெருகும். பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளும் இதே தாளில்தான்.

உள்பக்கங்களில் ஊர் ஊராக வாரச் செய்தி வந்தது. அந்தந்த ஊர் நிருபர்கள் எழுதி அனுப்புவார்கள்: எந்தக் கொட்டகையில் எந்தக் கம்பெனி, யார் எந்த வேடம், கூட்டம் எப்படி. விமர்சனம் என்று பார்த்தால் பலவும் நாலு வரிப் பாராட்டுதான். ஆனால் ஊர் ஊராய்த் திரியும் ஒருவருக்கு இந்தப் பக்கம்தான் தொழிலின் வரைபடம். பழைய கூட்டாளி இப்போது லீட்ஸில் இருக்கிறான், அந்தக் கம்பெனி க்ளாஸ்கோவில் கலைந்துவிட்டது, அடுத்த மாதம் நம் பாதையும் அவர்கள் பாதையும் ஓர் ஊரில் வெட்டிக்கொள்ளும். ஃப்ரெடரிக் லெட்ஜரின் மகன் எட்வர்ட் லெட்ஜர் தந்தைக்குப் பின் பத்திரிகையை ஏற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடத்தினார். மற்றச் செய்திகளைக் குறைத்து, நாடகத்தையும் மியூசிக் ஹாலையும் பிரதானமாக்கியது அவர் காலத்தில்தான். 1868-லிருந்து எரா ஆண்டுமலர் ஒன்றும் வந்தது. பத்திரிகை அலுவலகம் லண்டனில் ஸ்ட்ராண்ட் என்ற பெரிய சாலையை ஒட்டிய வெலிங்டன் தெருவில் இருந்தது. இர்விங் புகழின் உச்சியில் ஆண்ட லைசியம் கொட்டகையின் தூண்களும் அதே தெருவைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

முகம் பார்க்காத ஒப்பந்தத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நல்ல விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து, ஏதோ ஒரு தூரத்து ஊரில், வசூல் சரியில்லை என்று இரவோடிரவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மேனேஜர்கள் இருந்தார்கள். 'போலி மேனேஜர்' என்றே தொழிலில் பெயர். வீட்டு வாடகை பாக்கியோடு, ரயில் காசு இல்லாமல், நடிகர் குழு நடுத்தெருவில் நிற்கும். சம்பள நாளைக் குறிக்க அவர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு: 'பேய் நடக்கிறதா?' பேய் நடந்தால் சம்பளம் உண்டு, நடக்காவிட்டால் இல்லை. ஏமாந்தவர்கள் முறையிட்ட கடிதங்களையும் தொழில் பத்திரிகைகள் அச்சிட்டன. அந்தப் போலி மேனேஜரின் விளம்பரமும் இதே மாதிரிப் பக்கங்களில்தான் வந்திருக்கும். விளம்பரத்தில் வாழும் பத்திரிகையால் விளம்பரக்காரரின் நாணயத்துக்குப் பொறுப்பேற்க முடியவில்லை. 1891-ல் நடிகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்ததற்கு இந்த ஏமாற்று ஒரு முக்கியக் காரணம். நாடக முதலாளிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வர 1925 ஆயிற்று. அத்தனை ஆண்டுகள் பத்திரிகையில் வந்த எச்சரிக்கையும் கடிதமும்தான் நடிகருக்கு இருந்த காப்பு.

கடல் கடந்தும் அதன் கை நீண்டது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போகும் கம்பெனிகள் லண்டனில் ஆள் எடுத்தன. பின்னாளில் மாரிஸ் பேண்ட்மன் கல்கத்தாவை மையமாக வைத்து, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த குழுக்களைப் பம்பாய், ரங்கூன், சிங்கப்பூர் என்று சுற்றில் விட்டார்.

இனி தேய்ந்த கதை. முதல் அடி விலையில் விழுந்தது. 1880 பிப்ரவரி 1-ல் சார்ல்ஸ் கார்சன், மாரிஸ் காமர்ஃபோர்டு என்ற இருவர் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். அதன் முதல் பெயரிலேயே 'டைரக்டரி' என்ற சொல் இருந்தது, விளம்பரம்தான் தங்கள் சரக்கு என்று அவர்கள் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது 'தி ஸ்டேஜ்' என்ற வாரப் பத்திரிகை ஆயிற்று. போட்டியாளர்களை முந்த விலையை ஒரு பென்னிக்கு இறக்கினார்கள். எரா அதைப்போலப் பல மடங்கு விலை. கொட்டகைக்கு ஒரு பிரதி வாங்கிப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்த காலம் போய், நடிகர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்று வாங்க முடிந்தது. விளம்பரம் கொடுப்பவர் பார்ப்பது வாசகர் தொகையைத்தான். ஆனாலும் எரா உடனே வீழவில்லை. அறுபது ஆண்டுகள் போட்டிபோட்டு நின்றது. கௌரவம் என்ற ஒன்று தொழிலில் நீண்டநாள் ஓடும்.

இரண்டாவது, தொழிலே பிளந்தது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய காரணமாகக் கருதுகிறேன். எராவின் பலம் நாடகக்காரரும் மியூசிக் ஹால்காரரும் ஒரே தாளில் இருந்தது. முதலாளியும் தொழிலாளியும் அதில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் உட்கார்ந்திருந்தார்கள். 1906-ல் மியூசிக் ஹால் கலைஞர்கள் தனிச் சங்கம் கட்டி, 'பெர்ஃபார்மர்' என்று சொந்தப் பத்திரிகையும் தொடங்கினார்கள். 1907 ஜனவரியில் லண்டன் மியூசிக் ஹால்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒரே சம்பளத்தில் கூடுதல் ஆட்டம் ஆடச் சொன்னதை எதிர்த்த போராட்டம். மேரி லாய்டு போன்ற பெரிய நட்சத்திரங்கள், தங்களுக்கு நேரடி நஷ்டம் இல்லாதபோதும், சிறிய கலைஞர்களுக்காகக் கொட்டகை வாசலில் நின்றார்கள். ஜூனில் மத்தியஸ்தர் ஜார்ஜ் ஆஸ்க்வித்தின் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தபின்னும் பழைய ஒட்டுறவு திரும்பவில்லை. சம்பளத் தகராறு என்று வந்துவிட்டால் கலைஞர் நம்புவது தன் சங்கத்தின் தாளை. இரண்டு தரப்பிடமும் காசு வாங்கும் தாளை எவ்வளவு தூரம் நம்ப முடியும்?

மூன்றாவது மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. 1899-ல் மாஸ், ஸ்டோல், தார்ன்டன் என்ற மூன்று முதலாளிகளின் மியூசிக் ஹால் கொட்டகைகள் ஒன்றுசேர்ந்து மாஸ் எம்பயர்ஸ் என்ற பெருங்கம்பெனி உருவானது. நூறு ஊர்களில் நூறு முதலாளிகள் இருந்தபோது நூறு விளம்பரம் வந்தது. பல ஊர்க் கொட்டகைகளும் ஒரே அலுவலகத்தின் கையில் வந்தபின், ஒரு மேசையில் உட்கார்ந்து ஆண்டு முழுவதற்கும் ஆள் அமர்த்திவிடலாம். இடையில் ஏஜென்ட் வந்தார். ஸ்ட்ராண்டைச் சுற்றிய சந்துகளில் ஏஜென்ட் அலுவலகங்களின் மாடிப்படியில் நடிகர்கள் கால் கடுக்க நின்றார்கள். சிறுவன் சாப்ளின் நாடக வேலைக்குப் பெயர் பதிந்தது பெட்ஃபோர்டு தெருவில் இருந்த அப்படியொரு ஏஜென்ட்டிடம்தான். ஏஜென்ட் கமிஷன் எடுத்துக்கொண்டார். பத்திரிகையைவிட அது பல மடங்கு செலவு. ஆனால் வேலை அங்கேதான் இருந்தது. வேலை எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வாசலில்தான் கூட்டம் நிற்கும்.

சினிமாவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைகள் படக்கொட்டகைகள் ஆயின, பேசும்படம் வந்தபின் அது வேகம் பிடித்தது. 1922-ல் வானொலி. சினிமாத் தொழிலுக்கு ஏற்கெனவே தனிப் பத்திரிகைகள் வந்துவிட்டிருந்தன. எரா படத்துக்கும் இடம் கொடுத்துப் பார்த்தது. அங்கே அது பலரில் ஒருவர், தன் சொந்த வீட்டிலோ வாடிக்கை குறைந்துகொண்டிருந்தது.  1939 செப்டம்பர் 3-ல் போர் அறிவிக்கப்பட்டதும் குண்டுவீச்சுக்குப் பயந்து நாடெங்கும் கொட்டகைகளை மூடச் சொன்னது அரசாங்கம். சில வாரங்களில் படிப்படியாகத் திறந்தார்கள். எரா அந்த ஆண்டோடு நின்றது. ஏற்கெனவே மெலிந்திருந்த உடம்புக்குக் கொட்டகை இல்லாத சில வாரங்களே போதும்.

அமெரிக்காவிலும் இதே போக்குத்தான். 1853-ல் தொடங்கிய நியூயார்க் க்ளிப்பர் 1924-ல் நின்றது, 1879-ல் தொடங்கிய ட்ரமாட்டிக் மிரர் 1922-ல். அங்கே வென்று நின்றது சைம் சில்வர்மன் 1905-ல் தொடங்கிய 'வரைட்டி'. அது மேடையை விட்டுப் படத்தோடு போகத் துணிந்தது.

லண்டனில் மிஞ்சியது ஸ்டேஜ். வாரப் பத்திரிகையாக இன்றும் வருகிறது. 1950-களின் தொடக்கத்தில் பின்னாளில் சினிமா நட்சத்திரமான இளைஞர் மைக்கேல் கெய்ன் அதில் ஒரு விளம்பரம் பார்த்து ஹார்ஷம் என்ற சிறு ஊர் நாடகக் குழுவில் உதவியாளாகச் சேர்ந்தார், தொழில் வாழ்க்கையின் முதல் படி அது. 1994-ல் பாடவும் ஆடவும் தெரிந்த இளம்பெண்கள் தேவை என்று அதில் வந்த ஒரு சிறு விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். அந்தத் தேர்விலிருந்து உருவானதுதான் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பாப் பாட்டுக் குழு. எராவிலிருந்து கைமாறிய அதே பொடி எழுத்துப் பத்தியின் வேலைதான் இதுவும்.

எராவின் பக்கங்கள் இன்று ஸ்கேன் செய்யப்பட்டு, சொல் தேடும் வசதியோடு ஆவணக்காப்பகத்தில் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் தேடுகிறார்கள், குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கொள்ளுப்பாட்டியின் மேடைப் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். விமர்சனப் பத்திகள் அகலமான இடைவெளியோடு அச்சானவை, கணினி அவற்றை ஓரளவு சரியாகப் படிக்கிறது. விளம்பரப் பத்திகளில் எழுத்து பொடி, மை அப்பியிருக்கிறது, சொற்கள் சுருக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே கணினி அடிக்கடி தடுமாறிப் பெயரைச் சிதைத்துவிடுகிறது. தேடினால் எதுவும் வராது. பெயர் அங்கே இருக்கும். அதைக் காண, ஒவ்வொரு வாரத்தாளாகத் திறந்து, வரி வரியாகக் கண்ணால் படித்துக்கொண்டு போக வேண்டும்.